கூரையில் ஒட்டிக்கொண்ட சாட்சி

வியாழக்கிழமை மகளுக்குப் பதிவுத் திருமணம். லிஃப்ட் மெக்கானிக் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கே பப்பின் உட்கூரையில் போய் முதுகால் ஒட்டிக்கொண்டார். கேளிக்கைத் தெருவில் பீரை அங்கேயே காய்ச்சி விற்கிற பப் அது ஒன்றுதான். பீர் நொதிக்கிற தொட்டியின் காற்றுக் குழாய் புஸ் புஸ்ஸென்று இரைந்து, மேடையில் பாடுகிறவளின் சுருதியைக் கெடுக்கிறதாம். பீர் காய்ச்சுகிற புத்திசாலி அதில் துணியைத் திணித்து அடைத்துவிட்டார். அடைபட்ட காற்றெல்லாம் பீரோடு குடித்தவர்கள் வயிற்றுக்குப் போனது. அன்று பலூன் மாதிரி மிதந்து மேலே போனவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் ராச்சாப்பாட்டு வேளைக்குள் ஏப்பம் விட்டு இறங்கிவிட்டார்கள். முப்பது வருஷம் ஊராரை ஏற்றி இறக்கிய மெக்கானிக்குக்குத்தான் இறங்க மனமில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

அவர் மனைவி தையற்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். பப் வாசலை அதுவரை மிதித்தவள் இல்லை. "இதோ, அஞ்சு நிமிஷம்" என்பதை இருபத்தேழு வருஷமாகக் கேட்டுச் சலித்த காது அவளுக்கு. ஒட்டடைக் கம்பால் அவர் வயிற்றில் குத்திப் பார்த்தாள். "ஒரு ஏப்பம்! ஒரே ஒரு ஏப்பம் விடுறதுக்கு என்னங்க கேடு?" என்று கத்தினாள். அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். புதன்கிழமையும் இதே கூத்து. மகளோ, அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழன் காலை பதிவாளர் பதிவேட்டோடு பப்புக்கே வந்துவிட்டார். ஏணி எட்டவில்லை. "இந்த மனுஷனோட மல்லுக்கட்டியே என் ஆயுசு போச்சு" என்று அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குவளை பீரைக் காலி செய்தாள். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பு கீழே கிடக்க, அவர் முகத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்தாள்.

"கையெழுத்துப் போட்டா அவ போயிடுவாளே," என்றார் அவர், உதட்டைத் திறந்தும் திறக்காமலும்.

"அதுக்கு இங்க வந்து ஒட்டிக்குவீங்களா? ஏன், நான் மட்டும் கல்லா? ராத்திரியெல்லாம் தனியா அழுதேன், தெரியுமா?"

அவர் பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். பிறகு, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே மகள் அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிவேடு தொப்பென்று வந்து விழுந்தது. பதிவாளர் 'இடம்' என்ற கட்டத்தில் 'கூரை' என்று எழுதி முத்திரை குத்தினார். பெண்ணும் மாப்பிள்ளையும் காரேறிப் போனார்கள்.

"இறங்குங்கம்மா, வீட்டுக்குப் போக வேணாமா?" என்று பீர் காய்ச்சுகிறவர் கேட்டார்.

"என்ன அவசரம்? வீட்ல இப்ப யாரு இருக்கா?" என்றாள் அவள்.

அவர்கள் இறங்க எட்டு நாளானது. பப் வழக்கம்போல் நடந்தது. அவர்கள் பக்கத்து மின்விசிறியை மட்டும் யாரும் போடவில்லை.