புதுக் கேமராவில் பழைய லென்ஸ்

கேமராவின் திரையைப் பார்த்தேன். நடுவில் சக்கர நாற்காலியில் அப்பா தெளிவாக இருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நின்ற பெரியண்ணன் முகமும் அந்தப் பக்கம் நின்ற சின்னண்ணன் முகமும் இருட்டில் போயிருந்தன.

அவசரத்தில் பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கல்யாணம் கல்யாணமாகப் படம் எடுத்துப் பிழைப்பவள் செய்கிற காரியமா இது! படம் விழும் சென்சார் தகடு சிறியதாக இருந்த பழைய கேமராவுக்கென்றே செய்த லென்ஸ். அது உள்ளே விழவைக்கும் ஒளிவட்டமும் அந்த அளவுதான். புதுக் கேமராவின் சென்சாரோ பெரியது. இரண்டிலும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும், அதுதான் வினை. சின்னப் போர்வையைப் பெரிய கட்டிலில் விரித்த கதை. பின்னால் போய் மூன்று பேரையும் வட்டத்துக்குள் அடக்கலாமென்றால் என் முதுகு ஏற்கெனவே ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்தது.

அப்பாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்து வாசலில் நின்றாயிற்று. பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகும் முன் இரண்டு மகன்களோடும் ஒரு படம் வேண்டும் என்றார் அப்பா. ஒருவரோடொருவர் முகம்கொடுத்துப் பேசாத இருவரும் அதற்காகவே வந்து, நடுவில் இன்னொரு குடும்பமே நிற்குமளவு இடம் விட்டு நின்றார்கள்.

"ரெண்டு பேரும் கிட்ட வாங்கண்ணா. ஓரம் கறுப்பா விழுது."

"இது யாரு போட்ட திட்டம்? உன்னோடதா, அவனோடதா?" என்றார் பெரியண்ணன்.

"சத்தியமா லென்ஸ்தாண்ணா. பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினேன்.

சின்னண்ணன் எட்டிப் பார்த்தார். "போன்ல எடுத்துத் தொலையேன்."

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வேணாம். இதுலயே எடுக்கட்டும்."

"நேரமாச்சுங்க," என்றார் வாசலில் நின்றவர்.

பெரியண்ணன் நகர்ந்தார். முழுசாக ஓர் அடிகூட இல்லை. பிறகு சின்னண்ணன். இருட்டிலிருந்து முதலில் ஒரு காது வந்தது, அப்புறம் மூக்குக்கண்ணாடி, அப்புறம் இரண்டு முகங்களும். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்திவிட்டால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள், இவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

"பத்தலை," என்றேன். "இன்னும் கொஞ்சம்."

நாற்காலிக்குப் பின்னால் இரண்டு அண்ணன்களின் தோள்களும் இடித்துக்கொண்டன. பொறுமையிழந்து உள்ளே வந்த ஆள் கைப்பிடிகளைப் பிடிக்கப் பார்த்தார். ஒன்றில் பெரியண்ணன் கையும் இன்னொன்றில் சின்னண்ணன் கையும் ஏற்கெனவே இருந்தன.