பன்னிரண்டாவது கேள்வி

குடி மறுவாழ்வு இல்லத்தில் தம்பியின் பையை மேசைமேல் கவிழ்த்துத்தான் எங்களை வரவேற்றார்கள். ஷேவிங் லோஷன், இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாம் ஒரு பக்கம் போயின. போன், பெல்ட், பிளேடு இன்னொரு பக்கம். சட்டைக் காலரைக்கூட விரலால் நீவிப் பார்த்தார் வார்டன். நானும் துணி ஆலையில் செக்கிங் பிரிவில் இருப்பவள்தான். ஒரு பொத்தான் கோணினாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மனிதர் வேலை செய்த விதம் எனக்குப் பிடித்துப்போனது.

"கோச்சுக்காதீங்கம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால நானும் இதே மேசையிலதான் பையைக் கொட்டினேன்" என்றார்.

"நான் எதுக்குக் கோச்சுக்கப்போறேன்? இவன் மூஞ்சியைப் பாருங்க."

தம்பி சிரித்தான். லேத்தில் நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைகிற கை, ஒரு டம்ளர் தண்ணீரைப் பாதி சட்டையில் கொட்டிக்கொண்டது. அன்று காலை அவன் பாட்டிலைத் தொடவே இல்லை. 'சுத்தமாப் போறேன்க்கா' என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஆலோசகர் அம்மா நடைமுறையைச் சொன்னார். முப்பது நாள். ஆறு மணிக்கு எழுந்து தன் படுக்கையைத் தானே மடிக்க வேண்டும். கூட்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறைவைத்து. பத்து மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி பேச வேண்டும். முதல் பத்து நாள் யாரும் பார்க்க வரக் கூடாது.

"அழுவாரு, திட்டுவாரு, கூட்டிட்டுப் போன்னு சொல்லி அனுப்புவாரு. மனசு இளகிடாதீங்க. இங்க மருந்து பாதிதான். மீதிப் பாதி, உள்ளதைச் சொல்றது."

அப்புறம் டாக்டர் படிவத்தோடு வந்தார். பன்னிரண்டாவது கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு?

தம்பி என்னைப் பார்த்தான். பதினோரு வருஷமாக அவனுக்குப் பதில் சொல்வது நான்தான். பட்டறை முதலாளியிடம் 'அவனுக்குக் காய்ச்சல்'. வாடகை வாங்க வரும் வீட்டு ஓனரிடம் 'தலைச்சுற்றல்'. அவனை விட்டுப் போனவளின் அப்பாவிடம் 'எப்பவாவது, விசேஷம்னா மட்டும்'. சப்பைக்கட்டு கட்டுவதற்குப் பட்டம் கொடுத்தால் எனக்குத்தான் முதலில் தர வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது முழு அறையும் இல்லை. தோளுயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் வேறு வீட்டார் காத்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளை வெகுநேரமாக ஒரே பக்கத்தில் பிடித்திருந்தார். காது முழுக்க எங்களிடம்.

"ஒரு குவார்ட்டர் இருக்கும் டாக்டர்" என்றேன்.

"காலையில?"

"சேச்சே, காலையிலயெல்லாம் கிடையாது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, இதை வச்சுத்தான் மாத்திரை அளவு போடுவேன். திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. வலிப்பு வரும். குறைச்சுச் சொல்லாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? உண்மையில் நாளுக்கு ஒரு ஃபுல், அதாவது நாலு குவார்ட்டர். முதல் மடக்கு பல் விளக்கும் முன்னாலேயே. காலி பாட்டில்களைக் கழிவுத் துணியில் சுற்றிச் சத்தம் வராமல் குப்பையில் போடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? தடுப்புக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"சரி, ரெண்டு குவார்ட்டர்னு எழுதிக்கோங்க" என்றேன், பெரிய மனசு பண்ணி. தம்பி தலையாட்டினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆலைக்குப் போன் வந்தது. வார்டன்தான். "குளியலறையில வலிப்பு வந்து விழுந்துட்டாரும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கோம். உடனே வாங்க."

அடுத்தடுத்து மூன்று முறை வந்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். வலது தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. எலும்பு கூடினாலும் அந்தக் கை இனி லேத் வேலைக்கு ஆகாது என்றார்கள். இரண்டு நாள் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. 'யாரு நீங்க' என்று மரியாதையாகக் கேட்டான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அடித்துக்கொண்டால் மட்டும் என்ன, அந்தக் கை வந்துவிடுமா?

நினைவு தெளிந்த அன்று ஆலோசகர் அம்மா அதே படிவத்தோடு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அளவை யார் மறைச்சதுன்னு எங்களுக்குத் தெரியணும். வீட்டுல மறைச்சிருந்தா, அவங்களும் வாராவாரம் வந்து உட்கார்ந்து பேசணும். அவரே மறைச்சிருந்தா, மறுபடி முதல் நாள்ல இருந்து தொடங்கணும். ஒரு மாசம் யாரையும் பார்க்க முடியாது. தண்டனை இல்லைம்மா, எங்க வழக்கம்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி வீங்கிய நாக்கை வைத்துக்கொண்டு பேசினான்.

"அக்காவுக்குத் தெரியாது. ஒரு ஃபுல். காலைலயும் உண்டு. நான்தான் ஒளிச்சு வச்சுக் குடிச்சேன். அவ பாவம்."

அவன் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது. அப்படியே என் பாணி. தடுமாற்றமே இல்லை, கடைசியில் கொஞ்சம் இரக்கம் வேறு.

"அப்படித்தானாம்மா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. ஆனால் வாராவாரம் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, நான் எறிந்த பாட்டில்களையும் சொன்ன காய்ச்சல்களையும் எல்லார் முன்னாலும் கொட்ட வேண்டுமே. எனக்கு வெட்கம். கூடப் பிறந்தவனின் கை போயும் வெட்கம் போகவில்லை.

"ஆமா" என்றேன். 'பாதுகாவலர்' என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போனபிறகுதான் அழுகை வந்தது. தம்பி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதக்கா" என்றான். "வட்டத்துல உட்கார வச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."