சத்தம் மகளுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டியில் மோகனசுந்தரம் காட்டுப்பன்றியைச் சுட்டார். வெடிச்சத்தம் பல மைல் தள்ளி அகளியில் அவர் தங்கை யோகப்பிரியாவின் சமையலறையில் கேட்டது. சட்டப்படி அதுதான் சரி. அப்பா குப்பண்ணன் பதிவுசெய்து வைத்த உயிலில், இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதன் உபகரணங்களான தோல்பெட்டி, தோட்டாப்பட்டை, துடைக்கும் கம்பி ஆகியவையும் மகனுக்கு, சத்தம் மட்டும் மகளுக்கு என்று தெளிவாக எழுதியிருந்தார். லைசென்ஸ் மாற்றும் ஆபீசில் யாரும் மலைக்கவில்லை. சத்தத்தை எங்கே பத்திரமாக வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். மூடி போட்ட அரிசி டிரம்மில் என்று யோகப்பிரியா எழுதிக்கொடுத்தாள். இரண்டு போட்டோ ஒட்டித் தனி லைசென்ஸ் தந்துவிட்டார்கள்.

மோகனசுந்தரம் முதலில் சிரித்தார். குண்டு இங்கே இருக்கும்போது சத்தம் யாருக்கு வேண்டும்? பன்றிகள் அப்படி நினைக்கவில்லை. ஒன்று சுருண்டு விழுந்தால், அது தூங்குகிறது என்று எண்ணி மற்றவை நிலக்கடலையைத் தோண்டித் தின்றன. ஒரே வாரத்தில் இரண்டு ஏக்கர் காலி. மிச்சமிருக்கும் மூன்று ஏக்கரும் போனால் அந்த வருஷமே போச்சு. பட்டாசு வெடித்தார், தகரம் தட்டினார். குப்பண்ணனின் துப்பாக்கிச் சத்தத்துக்கு முப்பது வருஷம் பயந்து பழகிய பன்றிகள் வேறெதையும் மதிக்கவில்லை.

தங்கையிடம் கேட்டால் தீர்ந்தது. அங்கேதான் வாய் வரவில்லை. தன் இஷ்டத்துக்கு அகளி மளிகைக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. துப்பாக்கி அண்ணன் பேருக்கு மாற ஆட்சேபணை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்ட அன்றுகூட, பேனாவை நீட்டியதோடு சரி. அப்பா இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது அந்த மரமண்டைக்கு உறைக்க இரண்டு ஏக்கர் கடலை செலவானது. ஒருநாள் விடிகாலையில் வரப்பில் நின்றபடி போன் போட்டார்.

“அம்மிணி, நாந்தான். அந்தச் சத்தம் கொஞ்சம் வேணுமாக்கும்.”

“ஒம்பது வருசங்கழிச்சு இதுக்குத்தான் கூப்புடறீங்ளாண்ணா?” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, “போனை ஸ்பீக்கர்ல போட்டு வரப்புல வைங்க. நான் டிரம்மைத் தொறக்கறேன்” என்றாள்.

அவர் சுட்டார். அகளியில் அலமாரியிலிருந்த தட்டுகள் உருண்டன. போன் வழியாகப் பெருமாட்டியில் வெடித்த சத்தத்தில் குக்கர் விசிலும் கலந்திருந்தது. பன்றிகள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் திரும்பிப் பார்த்தன. அதிலிருந்து தினமும் ஐந்தரைக்குப் போன். சுடுவதற்கு முன் கால்மணி நேரம் பேச்சு: மச்சானின் முதுகுவலி, மகளின் பரீட்சை, அப்பாவின் பிடிவாதம். மூன்று ஏக்கர் கடலையும் வீடு வந்தது. ஒரு மூட்டை அகளிக்குப் போனது.

அடுத்த போகத்தில் தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருந்த எல்லோரையும் போல மோகனசுந்தரம், தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். யோகப்பிரியா ஆட்டோவில் டிரம்மை ஏற்றிக்கொண்டு போய் அகளி ஸ்டேஷனில் வைத்து ரசீது வாங்கினாள். மறுநாள் ஐந்தரைக்கு அவள் போன் அடித்தது.

“சத்தம் டேசன்ல இருக்குதுங்ண்ணா.”

“தெரியும் அம்மிணி. காப்பி குடிச்சுட்டயா?”

கடலைக்காட்டுக்குள் இறங்கப்போன பன்றிகள், அவர் காதில் போன் இருப்பதைப் பார்த்துவிட்டு, எல்லைப்பக்கம் திரும்பி நடந்தன.