சடலம் 2 எழுந்திருக்க வேண்டும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பழி என் தலையில் விழக்கூடாது. ஒரு பிணத்தை எழுப்பித் தரச் சொல்லி என்னிடம் கேட்டாள். கேட்டபோது அவள் கண்ணில் விளையாட்டு இல்லை.

நான் ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடரின் கதைக்குழுவில் இருக்கிறேன். கொலைகாரனை யோசிப்பவர் வேறொருவர். துப்பறிவாளரின் மிடுக்கான வசனங்கள் இன்னொருவர் பொறுப்பு. என் பங்கு பிணவறை. காயம் எங்கே, உதடு என்ன நிறம், நகக்கண்ணில் என்ன மண், எல்லாம் நான்தான். அதில் எனக்கு நல்ல பெயர்.

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

இரும்பு மேசையில், வெள்ளைத் துணிக்கு அடியில், ஓர் இளைஞன்

(விட்டுவிட்டேன். இதே வாக்கியத்தை ஏற்கெனவே ஒரு தடவை எழுதிச் சம்பளமும் வாங்கிவிட்டேன். வம்பே அதிலிருந்து வந்ததுதான்.)

2

என் தம்பி நடிகன். அதாவது, அப்படிச் சொல்லிக்கொண்டு திரிபவன். கூட்டத்தில் ஒருவன், ஓட்டலில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவன், இந்த மாதிரி. ஒருநாள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அம்மா, நீ வாராவாரம் பாக்குற அக்காவோட தொடர்ல எனக்கு வேஷம். நான் இல்லாட்டி கதையே நகராது, தெரியுமா?"

"போலீஸாடா?"

"பாத்துட்டுச் சொல்லேன்."

என்னிடமும் மூச்சு விடவில்லை. (அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: எழுதுகிறவர்களைப் படப்பிடிப்புக்கு யாரும் கூப்பிடுவதில்லை. எந்த வேஷத்தில் யார் என்பது எங்களுக்கும் திரையில்தான் தெரியும்.)

ஒளிபரப்பு நாள் சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கறுப்புத் திரையில் வழக்கமான அறிவிப்பு வந்தது: மனத்தைப் பாதிக்கக்கூடிய காட்சிகள் இதில் உண்டு. எல்லா வாரமும் அதே வரி. அந்த நேரத்தில்தான் அம்மா சமையலறைக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து வருவாள். அன்றும் எடுத்து வந்தாள்.

துணியை விலக்கினார்கள். என் தம்பி.

உதடு நீலம். தொண்டைக்குக் கீழே தையல். நெற்றியில் வெடிப்பு. 'இடது கண் சற்றே திறந்திருக்கிறது' என்று எழுதியிருந்தேன், திறந்திருந்தது. நான் உட்கார்ந்து யோசித்து வைத்த காயம் ஒவ்வொன்றும் அவன் உடம்பில் சரியான இடத்தில் இருந்தது.

அம்மா கத்தவில்லை. எழுந்து போய்த் திரையில் அவன் முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சோபாவிலிருந்து இந்தத் தடியன் கேட்கிறான்:

"எப்படி? மூச்சே விடலை, பாத்தியா?"

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். பளாரென்று ஓர் அறை விட்டாள்.

3

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போச்சு. கண்ணை மூடினால் போதும், அம்மா வந்து தோளைப் பிடித்து உலுக்குவாள்.

"எந்திரி."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. படு. மல்லாக்கப் படுக்காதே, ஒருக்களிச்சுப் படு."

அவன் விடிவதற்கு முன்பே படப்பிடிப்புக்கு ஓடுகிறவன். பகலில்தான் தூங்கியாக வேண்டும். நேற்று பஸ்ஸில் நின்றபடியே தூங்கி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டு வந்தான். நான் எழுதிய அதே இடத்தில். (இது தொடராக இருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று அடித்துவிடுவார்கள். நானே அடித்திருப்பேன். அதற்குக் கட்டுப் போட்டுவிட்டதும் நான்தான், அதை மட்டும் அடிக்க முடியவில்லை.)

அப்போதுதான் அம்மா கேட்டாள்: "நீதானே படுக்க வெச்சே? நீயே எழுப்பி விடு. கதையில அவன் எந்திரிக்கிறதைப் பாத்துட்டா நான் இவனைத் தூங்க விடுறேன்."

(ஒரு சந்தேகம். அம்மா என்கிற பாத்திரம் இவ்வளவு பிடிவாதமாக இருந்தால் வாசகர்கள் ஏற்பார்களா? இதை எழுதும்போதே பக்கத்து அறையில் "எந்திரி" என்று குரல் கேட்கிறது. ஏற்றுத்தான் ஆகவேண்டும்.)

4

முடிவு ஒன்று: பிணவறை ஊழியர் காதில் இருமல் சத்தம் விழுகிறது.

"அப்ப பரிசோதிச்ச டாக்டர் என்ன முட்டாளா?" என்றாள் அம்மா.

முடிவு இரண்டு: செத்தவன் இரட்டையரில் ஒருவன்.

"செத்தவன் செத்தவன்தானே. இன்னொருத்தன் வந்தா எனக்கென்ன?"

முடிவு மூன்று: துப்பறிவாளர் திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால்

"கனவுன்னு மட்டும் சொன்னே, தொலைச்சுடுவேன்."

கொலைகாரனை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பவளிடம் என் பருப்பு வேகுமா? அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னாள்:

"நடக்காதுடி. நாலு பக்கமும் நீங்களே அடைச்சு வெச்சிருக்கீங்க. அவன் செத்துட்டான்."

மத்தியான வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் விழுந்திருந்தது. கட்டிலில் தம்பி படுத்திருந்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்."

"உன்னைச் சொல்லலைடா. அந்தப் பையனைச் சொல்றேன்." என் பக்கம் திரும்பினாள். "அவன் யாருடி?"

"சடலம் 2."

"பேரு?"

"வைக்கலைம்மா."

"அம்மா இருக்காளா அவனுக்கு?"

அவன் வயிற்றில் என்ன சாப்பாடு இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அதைப் பரிமாறியது யார் என்று எழுதவில்லை.

"அப்ப அவகிட்ட யாருமே போய்ச் சொல்லலையா?" என்றாள் அம்மா. "கேக்க ஆளில்லாமத்தான் அந்தச் சேதி நேரா எங்கிட்ட வந்துடுச்சு."

தம்பி எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுதேன். ஒளிப்பானேன்?

5

ஆகவே எழுப்புகிற வேலையை விட்டுவிட்டேன். இந்தக் காட்சியைத்தான் எழுதுகிறேன்:

துப்பறிவாளர் மாடிப்படி ஏறுகிறார். மிடுக்கான வசனம் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு கதவு. அழைப்பு மணியை அழுத்துகிறார். உள்ளே குழாயை மூடும் சத்தம். "இதோ வர்றேன்" என்று குரல். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நடந்து வருவது

(யார்? என் அம்மாவை இங்கே நிறுத்த மாட்டேன். அவள் பட்டது போதும். முகம் இல்லாத ஒருத்தியை நிறுத்தினால், இவளும் சடலம் 2 மாதிரி யாருமில்லாதவள்தான் என்று அம்மா மறுபடியும் கண்டுபிடித்துவிடுவாள்.)

அதனால் இதைப் படிக்கிற உங்களைக் கேட்கிறேன். அந்தச் சேதியை யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டால்தான் அம்மாவின் கை இவன் தோளை விடும். மனத்தைப் பாதிக்கக்கூடிய காட்சி இனிமேல்தான் வருகிறது, தண்ணீர் எடுக்கப் போய்விடாதீர்கள்.

மணி அடிக்கிறது. கொஞ்சம் போய்க் கதவைத் திறங்களேன். அந்தப் பையனுக்கு ஒரு பேரும் வையுங்கள். என் தம்பி தூங்க வேண்டும்.