நாற்காலி போட்ட படிக்கட்டு

தைத்து முடித்த தலையணை உறைகளை மடித்துக் கூடையில் அடுக்கி, கயிற்றைப் பால்கனிக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தையலம்மா மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். நான்காம் மாடி. கீழே சரக்கு வண்டிக்காரன் அண்ணாந்து பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டு நின்றான். உறைகளை எடுத்துக்கொண்டு புதுத் துணிக்கட்டை வைத்ததும் கயிற்றை இரண்டு தரம் சுண்டினான். அவள் இழுத்தாள்.

லிஃப்ட் நின்றுபோனதிலிருந்து அந்தக் கூடைதான் அவளுக்குக் கால். காய்கறி வருவதும் மாத்திரை வருவதும் வேலை போவதும் அதில்தான். முழங்கால் வீங்கி அவள் படி இறங்குவதை விட்டு வெகுநாளாகிறது. தெருவை மேலிருந்தே பார்த்துப் பார்த்து, ஆட்களை இப்போது உச்சந்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. தரைத்தளத்துத் தச்சருக்கு இவ்வளவு பெரிய வழுக்கை என்பதையே பால்கனியில் நின்றுதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு விட்டாளா? தெருவே கேட்கும்படி அவரிடம் சொல்லவும் செய்தாள்.

இரண்டாம் மாடி டிரைவர் அன்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போதும் வாசலில் வந்து நிற்கும்போது ஹாரன் அடிப்பது போலத்தான் கனைப்பார்.

"அக்கா, குடியிருப்பு ஆபீஸ்ல இருந்து ஆபீசர் வரப்போறாங்களாம். படியேறி இறங்க முடியாத பெரியவங்களை எல்லாம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாத்தப்போறாங்களாம். தரைத்தள வீடாம்."

"அங்கே சரக்கு வண்டி வருமா?"

"பஸ்ஸே வராது. நான் ஓட்டின ரூட்டு, எனக்குத் தெரியாதா?"

அவள் தையல் மெஷினை மிதித்தாள். புருஷன் கண்ணை மூடியது இந்த வீட்டில்தான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் இங்கிருந்துதான். அந்தப் புது இடத்தில் வேலையும் கிடைக்காது, கூப்பிட்டால் என்னக்கா என்று கேட்க ஒரு ஆளும் இருக்காது.

"நாம லிஃப்டுக்குக் கொடுத்த மனு என்ன ஆச்சு?"

"அதுக்கும் இதே ஆபீசர்தான் முடிவு சொல்லணுமாம். நீங்க கவலைப்படாதீங்க. சாயங்காலம் தச்சர் வீட்ல எல்லாரையும் கூடச் சொல்லியிருக்கேன்."

தச்சர் வீட்டில் கூடியவர்களில் ஐம்பதைத் தாண்டாதவர் யாருமில்லை. மூன்றாம் மாடி ஆயாம்மா தன் முட்டியைத் தட்டிக் காட்டிப் பேசினாள். ஆஸ்பத்திரியில் நடை பழக்குகிற வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்தவள்.

"அக்காவுக்கு முட்டி போயிடலை. நடக்கிற பழக்கம்தான் போயிடுச்சு. ஒரே மூச்சுல இறங்குன்னா எனக்கே முடியாது. ஒவ்வொரு மாடியிலயும் உக்கார ஒரு இடம் இருந்தா இறங்கிடுவாங்க."

"அவ்வளவுதானா?" என்றார் தச்சர். "உக்கார வைக்கிறது என் தொழிலாச்சே!"

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது. முதல் மாடி சலூன்காரர் கடையில் சும்மா கிடந்த சுழல் நாற்காலியைக் கொடுத்தார். பிள்ளைகள் ஏறிச் சுற்றாமலிருக்கத் தச்சர் அதன் கழுத்தில் ஆப்பு வைத்து இறுக்கினார். டிரைவர், உடைக்கப்போன பஸ்ஸிலிருந்து ஆசைக்கு வாங்கி வைத்திருந்த தன் சீட்டையே கொடுத்தார். அவர் மனைவி, "அப்பாடா, வீட்ல ஒரு பஸ் குறைஞ்சுது" என்றாள். ஆயாம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கால் விரிசல் விட்டிருந்தது; அதற்கு அவளே கட்டுப் போட்டாள். நான்காம் மாடியில் தையலம்மாவின் பழைய முக்காலி. பிறகு தச்சர் சுவரோரம் நெடுக ஒரு மரக் கைப்பிடி அடித்தார். உயரம் பார்க்கத் தையலம்மாவின் டேப்பைத்தான் கேட்டு வாங்கினார். அது திரும்பி வர அவள் நாலு தரம் கத்த வேண்டியிருந்தது.

சட்டதிட்டமும் உண்டானது. உட்கார்ந்தவர் வீட்டுச் சாவியால் படிக்கட்டுக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் "யாரு?" என்று கேட்க வேண்டும். தட்ட வேண்டியவர் தட்டவில்லை என்றால் யாராவது ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை.

முதல் நாள் தையலம்மா ஒரு மாடிதான் இறங்கினாள். ஆயாம்மா முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே சொன்னாள்: "இறங்கும்போது நோகிற கால் முதல்ல. ஏறும்போது நல்ல கால் முதல்ல. மாத்தி வச்சீங்கன்னா நான் பொறுப்பில்லை."

மூன்றாம் மாடி நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சாவியால் தட்ட மறந்துபோனாள். ஆயாம்மா தானே தட்டி, தானே "யாரு?" என்றும் கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

நாளாக ஆக இரண்டு மாடி, மூன்று மாடி என்று வளர்ந்தது. படிக்கட்டில் எந்நேரமும் சாவிச் சத்தம். வீட்டை விட்டு வெளியே வராதிருந்த டிரைவர் மனைவியும் மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கினாள். வந்து சலூன்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரோடு ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் மேலே வருவாள். ஒரு நாள் காலை தையலம்மா தெருவில் கால் வைத்தாள். அண்ணாந்து தன் பால்கனியைப் பார்த்து, "இவ்வளவு உசரத்துலயா இருக்கேன்!" என்றாள். பிறகு வாசலில் இழைப்புளி போட்டுக்கொண்டிருந்த தச்சரைப் பார்த்தாள்.

"முன்பக்கம் பார்த்தா வழுக்கை அவ்வளவா தெரியலை."

"இறங்கி வந்ததுக்கு இதான் முதல் வார்த்தையா?" என்றார் அவர். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீசர் வருகிற நாளன்று கட்டடம் கல்யாண வீடு போல அல்லோலகல்லோலப்பட்டது. படிகளைத் தேய்த்துக் கழுவினார்கள். டிரைவர் எப்போதோ கழற்றி வைத்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டார், பொத்தான்தான் ஒத்துழைக்கவில்லை.

"நாற்காலியை எல்லாம் உள்ளே எடுத்து வைங்க" என்றாள் ஆயாம்மா. "வழி பூரா சாமான் கிடந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

அதுவும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கைப்பிடிக்கு எண்ணெய் தடவினார்கள்.

தையலம்மா இஸ்திரி போட்ட சேலையில் இறங்கி வந்தாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால்களின் தடம் மட்டும் இருந்தது. இரண்டாம் மாடியிலும் அப்படியே. முழங்காலில் நெருப்பு வைத்தது போல எரிந்தது. கீழே எல்லா முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நின்றால் அவர்கள் உழைப்பெல்லாம் வீணாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஆபீசர் நல்ல பெண். உண்மையாகவே கை தட்டினாள். "அம்மா, பிரமாதம்! எங்க அம்மாகூட இப்படி இறங்க மாட்டாங்க. உங்களை யாரும் எங்கேயும் மாத்த மாட்டாங்க."

கூட்டமே கை தட்டியது. தச்சர் தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியது போல நின்றார்.

"அப்போ லிஃப்டு, மேடம்?" என்று டிரைவர் கேட்டார்.

"பார்க்கிறோம் ஐயா."

அவள் போன பிறகு தையலம்மா முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சலூன்காரர் ஓடிப்போய் நாற்காலியை எடுத்து வந்தார். மற்றவர்களும் நாற்காலிகளைப் பழைய இடத்தில் திரும்பப் போட்டார்கள்.

பார்த்துத்தான் முடிவு வந்தது. வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை டிரைவர் சத்தமாகப் படித்தார். இடமாற்றம் ரத்து. குடியிருப்போர் அனைவரும் படிகளை நன்றாகப் பயன்படுத்தி வருவதால் லிஃப்ட் தேவையில்லை. பாதுகாப்புக் கருதி எல்லா மாடியிலும் அதன் வாசல்கள் செங்கல் வைத்து அடைக்கப்படும்.



"நான்தானே நாற்காலியை எடுக்கச் சொன்னேன்" என்றாள் ஆயாம்மா.

"சொன்னது நீ. தூக்கினது நாங்க எல்லாரும்தானே" என்றார் தச்சர்.

"உக்காராம இறங்கினது நான்" என்றாள் தையலம்மா.

நாற்காலிகளைப் பற்றி விளக்கி மறுபடி மனு எழுதினார்கள். டிரைவரும் சலூன்காரரும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டாளாம். மனுவை வாங்கியவர், அடைக்கிற வேலைக்கு உத்தரவு போயாச்சே என்று மட்டும் சொன்னார்.

கொத்தனார் தனி ஆளாக வந்தார். தலையெல்லாம் நரை. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி வாசல்களை மளமளவென்று அடைத்தார். மூன்றாம் மாடிக்கு வரும்போதே அவர் காலடிச் சத்தம் இழுபட ஆரம்பித்ததைத் தையலம்மா மெஷினில் உட்கார்ந்தபடியே கவனித்தாள். அந்த வாசலையும் அடைத்த பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. சாவியும் தட்டவில்லை. சட்டப்படி எழுந்து போய்ப் பார்த்தாள்.

கொத்தனார் நான்காம் மாடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலவைச் சட்டி மட்டும்தான் இருந்தது. ஒரு கையால் முழங்காலைப் பிடித்திருந்தார்.

"தண்ணி தரட்டுமா அண்ணே?"

வாங்கிக் குடித்தார். "இந்த ஒரு வாசல்தாம்மா பாக்கி. கலவையை எப்படியோ கொண்டு வந்துட்டேன். கல்லு எல்லாம் கீழயே கிடக்கு. முட்டி விட மாட்டேங்குது." முக்காலியைத் தடவிப் பார்த்தார். "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. மாடிக்கு மாடி போட்டிருக்கீங்க. இது இல்லேன்னா இவ்வளவு தூரம் ஏறியிருக்கவே மாட்டேன்."

"நாளைக்கு வந்து முடிங்களேன்."

"நாளைக்கும் இதே படிதானே ஏறணும்?"

அவள் லிஃப்ட் வாசலைப் பார்த்தாள். பாதி திறந்த கதவுக்கு அப்பால் இருட்டு. பக்கத்துச் சுவரில் அவள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பொத்தான். கலவை காய்ந்துகொண்டிருந்தது.

பால்கனிக்குப் போனாள். கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கூடையை இறக்கினாள்.

"தச்சரே! அங்கே செங்கல் அடுக்கி இருக்கில்ல? ரெண்டு ரெண்டா வைங்க. பாவம், அவரால ஏற முடியலை."

தச்சர் அண்ணாந்து பார்த்தார். இந்தத் தரம் அவள் வழுக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர் இரண்டு செங்கல்லை எடுத்துத் தூசி தட்டிக் கூடையில் வைத்து, கயிற்றை இரண்டு தரம் சுண்டினார். ஆயாம்மா மேலே பால்கனிக்கு வந்து கயிற்றில் ஒரு கை கொடுத்தாள்.

கூடை மேலே வந்தது. தையலம்மா கற்களை எடுத்துக்கொண்டுபோய் லிஃப்ட் வாசலில் வைத்துவிட்டு, காலிக் கூடையை மறுபடி இறக்கினாள்.