இருநூறு வருஷத்துத் தகரம்

என் மனைவியின் அண்ணன் தன் காரின் டேஷ்போர்டைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் போல ஏந்திக்கொண்டு என் பட்டறைக்குள் நுழைந்தார். பழைய கார்ச் சங்கத்தின் தலைவர் அவர். பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் பிழைப்பு.

“மெதுவா மாப்பிள்ளை. இருநூறு வருஷத்து வால்நட் மரம். முப்பது வருஷமா வாரம் தவறாம எண்ணெய் விடுறேன். மரம் மூச்சு விடணும் பாருங்க.”

அடுத்த மாதப் போட்டியில் ‘அசல் மாறாத கார்’ கோப்பையை வாங்கியே தீர வேண்டுமாம். அதற்காக மங்கிய மர ரேகைகளைப் புதுப்பிக்க வேண்டும்.

பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். மர ரேகை துணியோடு வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் தகரம் பல்லை இளித்தது.

“மச்சான், இது தகரம்.”

“மரத்துல இரும்புச் சத்து இருக்கும் மாப்பிள்ளை.”

காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“இவ்வளவு சத்தா?”

டீ கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். “முப்பது வருஷமா தகரத்துக்கா எண்ணெய் தேய்ச்சே? உன் தலையில தேய்ச்சிருந்தா நாலு முடியாவது மிஞ்சியிருக்கும்ணே.”

மச்சான் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். பாவம், அந்த மரம் எந்த மலைச்சரிவில் நின்றது, எந்தப் பக்கம் வெயில் வாங்கியது என்பது வரை சங்கத்தில் வருஷா வருஷம் பேசியிருக்கிறார்.

“தச்சர்கிட்ட குடுத்து நிஜ மரத்துலயே செஞ்சுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“கம்பெனிக்காரனே தகரத்துல மரத்தை வரைஞ்சுதான் வித்திருக்கான். நிஜ மரம் வெச்சீங்கன்னா அதுதான் போலி. கோப்பை போயிடும்.”

“அப்போ என் மானம்?”

“அதுக்கு நான் பெயிண்ட் அடிக்கிறதில்ல மச்சான்.”

மறுநாள் போன் வந்தது. “வரைங்க. வெளியில சொல்லிடாதீங்க.”

முப்பது வருஷ எண்ணெயைத் தின்னரால் கழுவவே இரண்டு நாள் ஆனது. எண்ணெய் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. கழுவுவதற்கு முன் பழைய ரேகைகளை மெல்லிய தாளில் படியெடுத்துக்கொண்டேன். அசல் என்றால் அசல் பொய்யும் அப்படியே இருக்க வேண்டும். தேன் நிறத்தில் ஒரு பூச்சு, அதன்மேல் கரும்பழுப்பு. அது காய்வதற்குள் உலர்ந்த பிரஷால் நெளித்து இழுத்து, துணி சுற்றிய விரலைத் திருகினால் கணு. கடைசியில் வார்னிஷ்.

போட்டி நாளில், நடுவர் அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்தது ஒரு காந்தம். டக்.

“மரம்னு சொன்னாங்களே?” என்றார்.

சங்கமே சுற்றி நின்றது. மரம் என்றால் கோப்பை இல்லை. தகரம் என்றால் இத்தனை வருஷப் பேச்சு இல்லை.

“தகரம்தாங்க,” என்றார் மச்சான். “அசல் தகரம்.”

பின்னாலிருந்து ஒருவர், “அப்போ அந்த மலைச்சரிவு?” என்றார்.

“அது உவமைக்குச் சொன்னது.”

கோப்பை கிடைத்தது. மைக்கும் கிடைத்தது. எனக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

“மரம் யார் வேணா வெச்சுப்பான்,” என்று ஆரம்பித்தார் மச்சான். “தகரம் அப்படியில்ல. வாரம் தவறாம எண்ணெய் விடணும். தகரம் மூச்சு விடணும் பாருங்க.”

என் மனைவி என் காதருகே குனிந்தாள். “நாளைக்கே தின்னர் வாங்கி வெச்சுடுங்க.”