இல்லை என்று எழுதிக் கொடுத்த ரோடு

கல்லுமந்தைக்குப் போகும் ரோடு போன ஆவணி மாதம் எட்டாம் தேதி, காலை ஏழே முக்காலுக்கு எழுந்து போய்விட்டது. பூண்டிக்கு மேற்கே நாலு கிலோமீட்டர், பதினோரு வளைவு, நெடுகப் பல்லாங்குழி. அதில் ஒரு சாண்கூட மிச்சம் வைக்கவில்லை. அது கிடந்த இடத்தில் இடுப்பளவு புல்லும் சோலை மரங்களும் நூறு வருஷமாக அங்கேயே நிற்பவை மாதிரி நின்றன. அந்த வாரம் பூண்டுக்கு நல்ல விலை இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் ரோட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. போகச் சொன்னதே ஊர்தான்.

கொடைக்கானலில் மிஷன் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாயுடுபுரம் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, கல்லுமந்தையில் கேரட் போட வந்தவர் உபகாரம் வாத்தியார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் ஊர் மனுக்களெல்லாம் அவர் தலையில் விழுந்தன. முதல் மனுவில் ஊருக்குச் சாலை இல்லை என்று எழுதினார். பாதை ஒன்று இருப்பதாகத் தெரிகிறது, எனவே அவசரமில்லை என்று கீழே ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பாதை சரியில்லை என்று எழுதினார். வண்டித்தடம் உண்டே என்றார்கள். தடம் மழையில் கரைந்துவிட்டது என்றால், மாற்று வழி உள்ளது என்றார்கள். அந்த மாற்று வழி காட்டுமாடுகள் தண்ணீர் குடிக்கப் போகிற வழி. ஒன்பது வருஷம் இப்படியே போனது. ஊரில் ஜீப் ஓட்டுகிறவர்கள் ரோடு என்பார்கள், விறகுக்குப் போகிற பெண்கள் தடம் என்பார்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் சாலை என்பார்கள், கொடைக்கானல் ஹோம்ஸ்டே ஆட்கள் ரூட்டு என்பார்கள். எல்லோரும் விழுந்தது ஒரே பள்ளத்தில்தான். கடைசியில் வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி ஒரு சந்து விடக் கூடாது என்று, "எங்கள் ஊருக்கு ரோடு இல்லை, சாலை இல்லை, பாதை இல்லை, வழி இல்லை, தடம் இல்லை, ஒற்றையடி இல்லை, குறுக்கு இல்லை, ரூட்டும் இல்லை" என்று எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டுமாக வைத்தார்கள். கைநாட்டு வைத்த பத்திரத்தை, அது எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்திலேயே நின்று உரக்க வாசிப்பது அங்கே பழக்கம். பாகப்பிரிவினைக்கு வந்த பழக்கம், மனுவுக்கும் ஒட்டிக்கொண்டது. வாத்தியார் ரோட்டின் தலையில் நின்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். ரோடு கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் கையெழுத்து முருகேஸ்வரியுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தலைச்சன் பிள்ளை அதே ரோட்டின் ஆறாவது வளைவில், ஜீப்புக்குள் பிறந்து, பூண்டி வருவதற்குள் போய்விட்டது. இப்போது மறுபடி நிறைமாதம். ரோடு போன அன்றைக்கே, உச்சிப்பொழுதில், பனிக்குடம் உடைந்தது. அவள் மாமியார் கருப்பம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"புள்ள குறுக்க கெடக்கு. இது இங்க ஆகுற சோலி இல்ல. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கடா."

முருகேஸ்வரியின் புருஷன் பழனிக்குமாரின் ஜீப் வாசலில் நின்றது, டீசலும் இருந்தது, போவதற்குத்தான் ஒன்றுமில்லை. நாலு பேர் கம்பளியில் டோலி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு சோலைக்குள் நுழைந்தார்கள். அரை மணி நேரத்தில் தங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னாலேயே வெளியே வந்தார்கள். மூன்று தடவை போய் மூன்று தடவையும் அதே கோயில். பூண்டிவரை வந்துவிட்ட ஆம்புலன்ஸ் டிரைவர் போனில், எதிரே காடுதான் தெரிகிறது என்றார். பழனிக்குமார் மரத்தை அரிவாளால் வெட்டினான். வெட்ட வெட்ட அடுத்த மரம் நின்றது. உபகாரம் வாத்தியார் மண்ணில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை போல அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் ஊருக்கு ரோடு இருக்கிறது" என்று எழுதி வாசித்தார். ஒரு புல் அசைந்தது, அவ்வளவுதான்.

கருப்பம்மாளுக்குக் கோபம் வந்தது. "தொரத்துறப்ப மட்டும் எட்டு பேரு தேடிப் பிடிச்சீங்களே வாத்தியாரே. கூப்பிடுறப்ப ஒத்தப் பேரு போதுமாக்கும்? கோவிச்சுப் போனத நல்லபடியா கூப்பிடுங்க."

அவர் எட்டையும் எழுதினார். நல்ல ரோடு, நல்ல சாலை, நல்ல பாதை என்று வரிசையாக எழுதி, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, இனி மனு எழுத மாட்டோம் என்று முடித்து உரக்க வாசித்தார். நூற்றுப் பதினொரு பேர் கை வைத்த பிறகு, கடைசி ஆளான வேல்ராஜ் கட்டைவிரலில் மை தடவியபடியே நின்றுவிட்டான். மோசமான ஆள் இல்லை, அவனுக்கும் இந்த ரோட்டில் மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டிய மகள் இருந்தாள்.

"இதுல கை வச்சா இனி ஜென்மத்துக்கும் தார் கேக்க முடியாதுல்லங்க?"

ஜீப்புக்குள் ஏற்றிப் படுக்க வைத்திருந்த முருகேஸ்வரியின் முனகல் கேட்டது. வேல்ராஜ் கை வைத்தான். நூற்றுப் பன்னிரண்டாவது ரேகை விழுந்ததும் புல் படுத்துக்கொண்டது, மரங்கள் விலகின, ரோடு வந்து கிடந்தது. போனபோது எத்தனை பள்ளம் இருந்ததோ அத்தனையும் கொண்டு வந்திருந்தது. ஒன்றையாவது வழியில் தொலைத்திருக்கலாம்.

இரண்டாவது வளைவில் சக்கரம் குழிக்குள் இறங்க, முருகேஸ்வரி வலி தாங்காமல், "நாசமாப் போற ரோடு" என்றாள். முன்னால் மூன்றாவது வளைவு புல்லாகிவிட்டது. பழனிக்குமார் பிரேக்கை மிதித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நல்ல ரோடுன்னு சொல்லு புள்ள."

அவள் அவனைப் பார்த்த பார்வையை அவன் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை. சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வளைவு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழிக்கும் ஒரு தடவை சொன்னாள். ஆறாவது வளைவில் அவளுக்கு வாயே வரவில்லை, முன்னால் ரோடு மங்கத் தொடங்கியது. பழனிக்குமார் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்ல ரோடுய்யா. என் புள்ள போன ரோடு. ரொம்ப நல்ல ரோடு" என்றாள். ஜீப் நகர்ந்தது.

பூண்டியில் ஆம்புலன்ஸ் மாறி, கொடைக்கானலில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டரைக் கிலோ, இரண்டு உயிரும் பிழைத்தன. ஊர்க்காரர்கள் அந்த ரோட்டில் இப்போது மரியாதையாகத்தான் நடக்கிறார்கள். தவறி விழுந்தாலும் வாயைத் திறப்பதில்லை. தை மாதம், வாத்தியாரின் பழைய மனு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பை விட்டு இறங்கியவருக்கு இடுப்பை நிமிர்த்தவே கொஞ்ச நேரமாயிற்று. ரோட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, தயங்காமல் சொல்லுங்கள் என்றார். பாவம், நல்ல மனிதர். ஊரே தரையைப் பார்த்தது. முருகேஸ்வரி குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "ஒரு குறையும் இல்லைங்க, நல்ல ரோடுங்க" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.